மூகனின் ஊரிலிருந்து: ஆட்டிசமும் சில அம்மா அப்பாக்களும்

எங்க ஊர்க்காரங்களுக்கு மூக கவி கதை தெரியாம இருக்காது. வாய் பேச முடியாத ஒருத்தருக்கு காமாட்சி அம்மன் அருளால பேச்சு வந்துச்சாம். வந்த கையோட அம்மன் மேல சமஸ்கிருதத்துல ஐந்நூறு பாட்டு பாடிட்டாராம். அதான் மூக பஞ்சசதி. கதை நடந்துச்சா இல்லையாங்கிற ஆராய்ச்சிக்கு நான் வரலை. ஆனா இந்தக் கதைக்குப் பின்னாடி இருக்குற நம்பிக்கை இன்னைக்கும் காஞ்சிபுரத்துல உயிரோட இருக்கு. மூணு வயசாகியும் அம்மான்னு கூப்பிடாத பிள்ளையைத் தூக்கிக்கிட்டு அந்தச் சன்னதிக்கு வர்றவங்க இருக்காங்க.

சன்னதிக்கு வர்றதுக்கு முன்னாடி அவங்க கேட்ட வசனங்களும் நமக்கு மனப்பாடம். "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்." "அவங்க தாத்தாவே அஞ்சு வயசுலதான் வாயத் தொறந்தாரு." "நீ டிவி போட்டு விட்டுட்டு வேலையப் பார்த்தா பிள்ளை எப்படிப் பேசும்?" கடைசி வசனத்தை மட்டும் கவனிங்க. குற்றவாளி யாருன்னு அதுல தீர்ப்பே எழுதியாச்சு. அம்மா!

ஆட்டிசம் பத்தி வாசிக்க ஆரம்பிச்சப்ப எனக்கு ஆச்சரியமா இருந்த விஷயம் இதுதான். இந்தத் தீர்ப்பு பிள்ளையார்பாளையம் திண்ணையில மட்டும் எழுதப்பட்டது இல்லை. அமெரிக்காவுல பெரிய பெரிய நிபுணர்களே எழுதினாங்க. அதை மாத்தி எழுதினது யாருன்னு பார்த்தா, பெரும்பாலும் அம்மா அப்பாக்கள். அந்த வரலாறுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே :-)

33 பக்கக் கடிதம்

ஆட்டிசம்ங்கிற சொல்லை 1911-ல ஸ்விட்சர்லாந்து மனநல மருத்துவர் யூஜின் ப்ளாய்லர் வேற அர்த்தத்துல பயன்படுத்தினார். மனச்சிதைவு நோயாளிகள் தனக்குள்ளேயே ஒடுங்கிப் போறதைச் சொல்ல அவருக்கு ஒரு சொல் தேவைப்பட்டுச்சு. குழந்தைகள்ல காணப்படுற ஒரு தனி நிலைமையா இதை உலகத்துக்குக் காட்டினது பால்டிமோர் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் லியோ கானர். வருஷம் 1943. மொத்தம் 11 குழந்தைகள், 8 பையன்கள், 3 பெண்கள். (மாஸ்கோவுல க்ரூன்யா சுகரேவா 1920-களிலேயே இதே மாதிரி பிள்ளைகளைப் பத்தி எழுதிட்டாங்க. உலகம் அப்போ கவனிக்கலை.)

அந்தப் பதினோரு பேர்ல முதல் ஆள் டொனால்ட். அமெரிக்காவுல மிசிசிப்பி மாநிலத்துல ஃபாரஸ்ட்னு ஒரு சின்ன ஊர். டாக்டரைப் பார்க்கப் போறதுக்கு முன்னாடி, 1938-ல, டொனால்டோட அப்பா கானருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். டைப் அடிச்சு 33 பக்கம்! அவர் ஒரு வக்கீல். பையன் எப்படிச் சாப்பிடுறான், எதைச் சுத்தி விடுறான், எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்றான், யாரைப் பார்க்குறான், யாரைப் பார்க்கலை, எல்லாத்தையும் எழுதியிருந்தார். கானரோட புகழ்பெற்ற கட்டுரையில அந்தக் கடிதத்து விவரங்கள் நிறைய இருக்கு.

மென்பொருள் துறையில இருக்குறவங்களுக்கு இதோட அருமை புரியும். "சார், ஆப் வேலை செய்யல" அப்படின்னு ஒரே வரியில புகார் வந்தா நாம என்ன பண்ண முடியும்? எப்போ, எங்கே, எதை அழுத்தினப்போன்னு ஒருத்தர் உட்கார்ந்து எழுதி அனுப்பினாத்தான் பிரச்சினை என்னன்னே தெரியும். ஆட்டிச வரலாற்றோட முதல் ஆவணத்தை எழுதினது டாக்டர் இல்லை. ஒரு அப்பா.

டொனால்ட் என்ன ஆனார்னு கேட்பீங்க. சொந்த ஊர்லயே பேங்க்ல வேலை பார்த்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார், தனியா உலகம் சுத்தினார். 2023-ல 89 வயசுல காலமானார். வசதியான குடும்பம்ங்கிறது ஒரு காரணம். அவரை அவரா ஏத்துக்கிட்ட ஊர் இன்னொரு காரணம்.

ஃப்ரிட்ஜ் அம்மாக்கள்

அப்பாவோட கடிதத்துல தொடங்கின கதை சீக்கிரமே பெற்றோர் மேலயே திரும்பிச்சு. இந்தக் குழந்தைகளோட பெற்றோர்கிட்ட பாசம் கம்மி, வீடே குளிர்சாதனப் பெட்டி மாதிரி இருக்குன்னு கானரே 1949-ல எழுதினார். புருனோ பெட்டல்ஹைம் 1967-ல ஒரு முழுப் புத்தகமே போட்டு அதை ஊரெல்லாம் பரப்பினார். 'ஃப்ரிட்ஜ் அம்மா' அப்படிங்கிற பட்டம் நிலைச்சுப் போச்சு. அம்மா அன்பு காட்டலை, அதனால குழந்தை தனக்குள்ள பூட்டிக்கிச்சுன்னு கோட்பாடு. பிள்ளையை அம்மாகிட்டேருந்து பிரிச்சு வைக்கிறது சிகிச்சை. நம்ம திண்ணை வசனத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? அங்கே கோட்டு போட்டவங்க சொன்னாங்க, அவ்வளவுதான்.

இதை உடைச்சவர் பெர்னார்ட் ரிம்லாண்ட். அமெரிக்கக் கடற்படையில வேலை பார்த்த உளவியலாளர். அவரோட மகனுக்கு ஆட்டிசம். கிடைச்சதை எல்லாம் படிச்சு, 1964-ல ஒரு புத்தகம் எழுதினார். இது வளர்ப்புல வர்றது இல்லை, உடம்புல, மூளையில இருக்குற விஷயம்னு அடுக்கடுக்கா வாதம். கானரே அதுக்கு முன்னுரை எழுதினார். புத்தகத்தோட கடைசியில ஒரு கேள்வித்தாள் இருந்துச்சு. பெற்றோர்கள் அதை நிரப்பி அவருக்கு அனுப்பிக்கிட்டே இருந்தாங்க. அந்தத் தொடர்பெல்லாம் சேர்ந்துதான் 1965-ல அமெரிக்காவுல பெற்றோர் சங்கம் உருவாச்சு. 1969-ல அந்தச் சங்கக் கூட்டத்துக்கு வந்த கானர், பெற்றோர்கள் மேல குற்றம் இல்லைன்னு மேடையிலயே சொன்னார்.

இங்கிலாந்துல இன்னும் முன்னாடியே, 1962-ல, பெற்றோர்கள் கூடி ஒரு சங்கம் ஆரம்பிச்சுட்டாங்க. அதுல ஒருத்தர் லோர்னா விங், மனநல மருத்துவர், ஆட்டிசம் உள்ள ஒரு மகளோட அம்மா. ஆட்டிசம்னா 'இருக்கு / இல்லை'னு ரெண்டு பெட்டி கிடையாது, விதவிதமான அளவுல, விதவிதமான வடிவத்துல வரும்னு சொல்லி 'ஸ்பெக்ட்ரம்' பார்வையை நிலைநிறுத்தினதுல அவங்க பங்கு பெருசு. நம்ம ஊர்ப் பாஷையில சொன்னா, ஒரே சாயம்தான், ஆனா ஒவ்வொரு நூல்லயும் வேற வேற அழுத்தத்துல ஏறியிருக்கும்.

டெல்லியில ஒரு அம்மா

இந்தியாவுக்கு வருவோம். 1980-கள்ல இங்கே ஒரு பிள்ளைக்கு ஆட்டிசம்னு சரியா சொல்ல ஒரு டாக்டர் கிடைச்சா அதுவே அதிர்ஷ்டம். பெரும்பாலும் 'மூளை வளர்ச்சி குன்றியவர்'னு ஒரே முத்திரைதான்.

மெர்ரி பருவா. டாக்டர் இல்லை, உளவியலாளரும் இல்லை. ஆட்டிசம் உள்ள ஒரு மகனோட அம்மா. 1991-ல டெல்லியில 'ஆக்ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பைத் தொடங்கினாங்க. 1994-ல 'ஓப்பன் டோர்'னு ஒரு பள்ளிக்கூடம். அதே காலகட்டத்துல ஒரு பத்திரிகை. இணையம் வீட்டுக்குள்ள வராத காலம். எங்கேயோ ஒரு ஊர்ல தனக்கு மட்டும்தான் இப்படின்னு நினைச்சுக்கிட்டிருந்த அம்மாவுக்கு, தபால்ல வந்த அந்தப் பத்திரிகை என்னவா இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. முகம் தெரியாதவங்களோட எழுத்துல ஒட்டிக்கிட்டு சொந்தமாகிற பதிவுலக மக்களுக்கு இதை விளக்கணுமா என்ன?

இன்னொரு முக்கியமான காரியம், பெற்றோருக்கான மூணு மாசப் பயிற்சி. பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து வரணும். பிள்ளையை விட்டுட்டுப் போனா நாங்க சரிபண்ணித் தர்றோம்னு சொல்ற வேலையே இல்லை. அதுக்குன்னு வெளியூர்லேருந்து வந்து டெல்லியில வீடு எடுத்துத் தங்கிப் படிச்ச குடும்பங்கள் உண்டு. திரும்பிப் போனவங்கள்ல சிலர் அவங்க ஊர்ல சின்னதா ஒரு மையம் ஆரம்பிச்சாங்க. ஒரு விளக்குல இருந்து இன்னொரு விளக்கு.

எங்களுக்கு அப்புறம் யாரு?

எந்த ஊர் பெற்றோர் கூட்டத்துக்குப் போனாலும் கடைசியில வந்து நிக்கிற கேள்வி ஒண்ணுதான். நாங்க போனப்புறம் இவனை யார் பார்த்துப்பாங்க?

1995-ல வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளைப் பட்டியல் போட்டுச்சு. ஆட்டிசம் அதுல இல்லை. பட்டியல்ல பேர் இல்லைன்னா சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லைன்னா பஸ் பாஸ்லேருந்து எதுவும் இல்லை. வேற வழியில்லாம பல பெற்றோர் 'மனவளர்ச்சி குன்றியவர்'ங்கிற பேர்லயே சான்றிதழ் வாங்கினாங்க.

பெற்றோர் அமைப்புகள் விடாம அலைஞ்சதுல 1999-ல தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தப்போ ஆட்டிசம்ங்கிற சொல் சட்டத்தோட பேர்லயே இடம் பிடிச்சது. நூறு கோடி ரூபாய் மூலநிதி. 18 வயசுக்கு மேலயும் துணை தேவைப்படுறவங்களுக்குச் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க மாவட்டத்துக்கு ஒரு உள்ளூர்க் குழு. அதுல கலெக்டர் நிலையில ஒரு அதிகாரி, பதிவு பெற்ற அமைப்போட பிரதிநிதி ஒருத்தர், மாற்றுத்திறனாளி ஒருத்தர். பிற்பாடு 2008-ல ஒரு லட்ச ரூபாய் வரைக்கும் மருத்துவச் செலவுக்கு 'நிரமயா' காப்பீடு. அறக்கட்டளையோட தலைவர் பதவியிலும் பிற்பாடு ஒரு அம்மா உட்கார்ந்தாங்க. 1985-ல சென்னையில இன்றைய வித்யாசாகர் நிறுவனத்தைத் தொடங்கின பூனம் நடராஜன்.

2016-ல வந்த புதிய உரிமைச் சட்டம் பட்டியலை 7-லேருந்து 21 ஆக்கிச்சு. இப்போ ஆட்டிசம் உள்ளே. அரசு வேலை இடஒதுக்கீட்டுலயும் அதுக்குப் பங்கு உண்டு. இந்த இருபது வருஷ இடைவெளியில ஒரு பிள்ளை பிறந்து, வளர்ந்து, ஓட்டுப் போடுற வயசும் தாண்டியிருக்கும்.

இன்னொண்ணு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவத்துல ஆட்டிசத்துக்குத் தனியா கட்டம் கிடையாது. அதனால காஞ்சிபுரத்துல எத்தனை பேர்னு அந்தக் கணக்கைப் புரட்டினாலும் கிடைக்காது. எண்ணிக்கையில இல்லாதவங்களுக்குத் திட்டம் எப்படி வரும்?

சொல்லும் சினிமாவும்

தமிழ்ல இதுக்கு என்ன பேர்? அரசுக் காகிதங்கள்ல 'புறஉலகச் சிந்தனையற்றோர்'னு இருக்கும். விக்கிப்பீடியாவுல 'மதியிறுக்கம்'. ரெண்டுமே எனக்கு உறுத்துது. புற உலகம் அவங்களுக்குத் தெரியாம இல்லை. பல பேருக்கு அது ரொம்ப அதிகமா, ஒரே நேரத்துல, தாங்க முடியாத சத்தத்தோட வந்து விழுது. அதனால நான் ஆட்டிசம்னே எழுதிட்டுப் போறேன்.

2013-ல 'ஹரிதாஸ்' படம் வந்துச்சு. குமரவேலன் இயக்கம், கிஷோர் அப்பாவா நடிச்சிருப்பார். ஆட்டிசத்தைக் கேலிக்கு ஆளாக்காம காட்டின தமிழ்ப்படம். நம்ம பதிவுலகத்துக்குப் பெருமை சேர்க்குற விஷயம், 'விடுபட்டவை' எஸ். பாலபாரதி. தலயைத் தெரியாத பழைய பதிவர் இருக்க முடியாது. 'ஆட்டிசம்: சில புரிதல்கள்' அவர் எழுதினது. ஆட்டிசம் உள்ள ஒரு பையனை வெச்சு 'துலக்கம்' நாவலும் எழுதினார். இங்கிலீஷ் தெரியாத ஒரு அம்மா கையில கொடுக்க தமிழ்ல புத்தகம் இருக்குங்கிறது சின்ன விஷயம் இல்லை.

ரெண்டு பேர் தறி

இப்போ எங்க ஊரு. அரசு சார்பில 2005-ல முட்டுக்காட்டுல பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் வந்துச்சு. அப்போ அது காஞ்சிபுரம் மாவட்டம். பேப்பர்ல பார்த்தா எங்க மாவட்டத்துலயே தேசிய நிறுவனம்! ஆனா நகரத்துலேருந்து கிட்டத்தட்ட எழுபது கிலோமீட்டர், கடற்கரை ஓரம். 2019-ல மாவட்டம் பிரிஞ்சப்போ அது செங்கல்பட்டுக்குப் போயிடுச்சு. சென்னையும் அதே தூரம்தான்.

தூரத்தை விட மோசமான கணக்கு ஒண்ணு இருக்கு. காஞ்சிபுரம் பட்டுன்னா கோர்வை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேற நிறம், ரெண்டையும் கோர்த்து நெய்யணும். மூணு நாடா ஓடும். ஒரு ஆளால முடியாது, கரைப்பக்கம் நாடா தள்ள இன்னொரு ஆள் வேணும். ஒரு காலத்துல அந்த இடத்துல சின்னப் பிள்ளைகளை உட்கார வெச்சாங்க. அது தனி சோகம். இன்னைக்குப் பல வீட்டுல அந்த இன்னொரு ஆள் மனைவிதான்.

எங்க தெருவுல ஒரு குடும்பம் அப்படித்தான். பையனுக்கு வாரத்துக்கு ரெண்டு நாள் பயிற்சி. அம்மா பையனைக் கூட்டிக்கிட்டு பஸ் ஏறினா, இங்கே தறி நிக்கும். போனது அம்மாவோட கூலி மட்டும் இல்லை, அப்பாவோட கூலியும் சேர்த்து. பஸ் செலவு, பயிற்சிக் கட்டணம் தனி. மாசக் கணக்கு போட்டுப் பார்த்துட்டு, ஆறாவது மாசத்தோட நிறுத்திட்டாங்க. "பாசம் இல்லாத பெத்தவங்க"ன்னு சொல்ல இங்கேயும் ஆள் இருந்தாங்க. ஃப்ரிட்ஜ் அம்மா கோட்பாடு அமெரிக்காவுல செத்துப்போய் அரை நூற்றாண்டு ஆச்சு. எங்க தெருவுல நல்லா இருக்கு.

2019 அத்தி வரதர் சமயம் ஞாபகம் இருக்கா? ஜூலை 1-லேருந்து ஆகஸ்ட் 17 வரைக்கும் 48 நாள். ஊரே கூட்டம், மைக், விசில். எல்லாரும் இந்த ஊருக்கு வந்துக்கிட்டிருந்தப்போ, அந்தப் பையனைக் கூட்டிக்கிட்டு அவங்க பாட்டி ஊரை விட்டுக் கிளம்பினாங்க. சத்தம் தாங்காம அவன் காதைப் பொத்திக்கிட்டுத் தலையைச் சுவத்துல முட்டினான். "சாமி வந்திருக்கிற நேரத்துல ஊரை விட்டுப் போறாங்க பாரு"ன்னு அதுக்கும் ஒரு வசனம்.

பெற்றோர் செஞ்சதெல்லாம் சரியா?

பெற்றோரைத் தெய்வமாக்கி முடிச்சுட்டா அது வரலாறு ஆகாது. அவங்க தவிப்பைப் பயன்படுத்திக்கிட்டவங்களும் உண்டு, அவங்களே தடம் மாறினதும் உண்டு. 1998-ல வேக்ஃபீல்ட்ங்கிற டாக்டர் தடுப்பூசியோட ஆட்டிசத்தைச் சம்பந்தப்படுத்தி ஒரு கட்டுரை வெளியிட்டார். அது மோசடின்னு வெளிப்பட்டு, 2010-ல லான்செட் பத்திரிகை அதைத் திரும்பப் பெற்றது. ஆனா பயம் திரும்பப் போகலை. அம்மாக்கள் மேல இருந்த பழியைத் துடைச்ச அதே ரிம்லாண்டே பிற்காலத்துல தடுப்பூசிச் சந்தேகத்துக்குத் துணை நின்னார். 'முழுசா குணமாக்குறோம்'னு மருந்து, டயட், பூஜைன்னு விக்கிற கடைகள் இன்னும் நல்லா ஓடுது.

இன்னொரு குரலும் வந்துச்சு. ஆட்டிசம் உள்ளவங்களோட சொந்தக் குரல். 1993-ல ஜிம் சின்க்ளேர், ஆட்டிசம் உள்ளவர், பெற்றோர்களைப் பார்த்து, எங்களுக்காகத் துக்கம் கொண்டாடாதீங்கன்னு எழுதினார். இங்கிலாந்து பெற்றோர் சங்கம் 1963-ல சின்னமா வெச்ச புதிர்த்துண்டுப் படத்தையே பலர் எதிர்த்தாங்க. நாங்க விடை தெரியாத புதிரா, துண்டு காணாமப் போனவங்களான்னு அவங்க கேள்வி. பாதுகாவலர் நியமனத்தையும் இதே மாதிரி கேட்கலாம். ஒருத்தருக்காக முடிவெடுக்க இன்னொருத்தரை நியமிக்கிறப்போ, அவரோட விருப்பம் எங்கே போச்சு? 2016 சட்டம் 'வரையறுக்கப்பட்ட பாதுகாவலர்'னு, அவரோடு கலந்து பேசி முடிவெடுக்கிற முறையைக் கொண்டு வந்தது இதனாலதான்.

எங்க துறையிலயும் ஒரு சின்ன மாற்றம் நடந்துச்சு. 2013-ல சாப் நிறுவனம் ஆட்டிசம் உள்ளவங்களை வேலைக்கு எடுக்கப் போறதா அறிவிச்சப்போ, அதுக்கு முன்னோட்டம் நடந்த இடங்கள்ல பெங்களூரும் ஒண்ணு. நல்ல விஷயம். ஆனா எல்லா ஆட்டிசமும் கம்ப்யூட்டர் மூளை இல்லை. வேலைக்குப் போக முடியாத, பேசவே பேசாத ஒருத்தருக்கும் அதே மரியாதை உண்டு.

சங்கத்து ஊரில் ஒரு சங்கம்

என்ன செய்யலாம்? கோவாவுலயும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலயும் 65 குழந்தைகளை வெச்சு ஒரு ஆய்வு நடந்துச்சு, 2016-ல வெளியாச்சு. நிபுணர்கள் இல்லாம, பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்களே பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தாங்க. பெற்றோர் பிள்ளையோட பேசுற விதமும், பிள்ளை பதிலுக்குப் பழகுற விதமும் முன்னேறிச்சு. நம்ம மாநிலத்துல 2021-லேருந்து 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே வருது. பிரஷர் மாத்திரை வீட்டுக்கு வர முடியும்னா இதுவும் வர முடியும். தென்காசி ஆய்க்குடியில 1981-லேருந்து இயங்குற அமர் சேவா சங்கம், கிராமத்து வீடு வரைக்கும் ஆரம்பகாலப் பயிற்சியைக் கொண்டு போய்க் காட்டியிருக்கு. சென்னையை நோக்கித்தான் எல்லாரும் ஓடணும்னு விதி இல்லை.

காஞ்சிபுரத்துக்குச் சங்கம் புதுசு இல்லை. காமாட்சி அம்மன், முருகன், திருவள்ளுவர், அறிஞர் அண்ணான்னு பட்டு கூட்டுறவுச் சங்கங்கள் பேரே ஒரு பஜனை மாதிரி வரும். தனியா நின்னா கூலி கேட்க முடியாதுன்னு நெசவாளிக்குத் தெரியும். அதே மாதிரி பத்து பெற்றோர் சேர்ந்து ஒரு சங்கம் பதிவு பண்ணினா, தேசிய அறக்கட்டளையிலயும் பதிவு பண்ணலாம். மாவட்டக் குழுவுல உட்கார வேண்டிய அமைப்புப் பிரதிநிதி அந்தச் சங்கத்துலேருந்தே வரலாம். வாரம் ஒரு பயிற்சியாளரை இங்கேயே வரவழைச்சா பத்து தறி நிக்காது.

ஒரு வயசாகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பலை, ஒண்ணைக் காட்ட விரல் நீட்டலை, வந்த சொல்லும் போயிடுச்சுன்னா, தாத்தா கதையெல்லாம் ஓரம் வெச்சுட்டு குழந்தை மருத்துவரைப் பாருங்க. கோயிலுக்கும் போங்க, நான் வேண்டாம்னு சொல்லலை. அந்த அம்மாகிட்ட மட்டும் "நீ என்ன பண்ணினே"ன்னு கேட்காதீங்க. "நாளைக்கு நீ போயிட்டு வா, தறியில நான் உட்கார்றேன்"னு சொல்ல ஒரு ஆள் இருந்தா, எங்க தெருப் பையனோட ஏழாவது மாசமும் நடந்திருக்கும்.

டிஸ்கி: உங்க ஊர்ல பெற்றோர்களே நடத்துற இப்படி ஒரு அமைப்பு இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க. எங்க ஊர்ல நாலு பேர்கிட்ட காட்டணும்.